வலது விலாவில் ஒரு கையகலம்

வலி எங்கே என்று டாக்டர் கேட்டால் எல்லாரும் விரலால் தொட்டுக் காட்டுவார்கள். எனக்கு விரல் போதாது. வலது பக்கம், கடைசி விலா எலும்பு முடிகிற இடத்தில் உள்ளங்கையை விரித்து வைத்துக் காட்டுவேன். அந்த ஒரு கையகல இடத்துக்குள் எங்கள் குடும்பமே இரண்டு வருடம் குடியிருந்தது.

எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. விருத்தாசலத்தில், மெயின் போர்டில் ஃபியூஸ் கம்பி மாட்டுகிற பீங்கான் கேரியர் செய்கிற ஒரு செராமிக் கம்பெனியில் வேலை. அச்சிலிருந்து வருகிற பச்சை மண் துண்டுகளின் ஓரப் பிசிறை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துப் பலகையில் அடுக்க வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை வலது கைக்கு ஓய்வே கிடையாது. அதனால் வலி வந்ததும் காரணம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. பக்கத்துப் பலகைக்காரி தசைப் பிடிப்பு என்றாள். மேஸ்திரி, குனிந்து உட்காராதே என்றார். ஊர் டாக்டரோ நான் செராமிக் என்று சொல்லி வாயை மூடுவதற்குள், நுரையீரலில் மண் தூசி சேர்ந்திருக்கும் என்று எக்ஸ்ரேக்கு எழுதினார்.

நுரையீரலில் மண் தூசி என்றால் எங்கள் ஊரில் ஆள் பிழைக்காது என்றுதான் அர்த்தம். எக்ஸ்ரே படம் வரும் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரத்தில், என் மகள் சுதாவுக்கு யார் கல்யாணம் செய்து வைப்பார்கள் என்பது வரை யோசித்து முடித்துவிட்டேன். படம் சுத்தமாக இருந்தது. நுரையீரலில் ஒன்றுமில்லை. "அப்ப எதுக்கு வலிக்குது சார்?" என்றேன். "கேஸா இருக்கும்மா" என்று வெள்ளை மாத்திரை பத்து கொடுத்தார்.

வலியின் சுபாவத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். இதே மாதிரி வலியோடு யாராவது இதைப் படிக்கலாம். சாப்பிட்டு அரை மணி நேரத்தில் ஆரம்பிக்கும். விலாவுக்கு அடியில் யாரோ ஒரு கட்டையைச் செருகி மெதுவாகத் திருகுவது போல இருக்கும். அங்கிருந்து முதுகுக்குப் போய், வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழே நின்றுகொள்ளும். வயிறு உப்பும். இரண்டு மணி நேரத்தில் தானாகவே அடங்கும். அடங்கிய பிறகு, வலித்தது நிஜந்தானா என்று எனக்கே சந்தேகம் வரும். கூடவே உடம்பு இளைத்துக்கொண்டே போனது. "என்னா தேவகி, ஸ்லிம்மா ஆயிட்ட, என்னா சாப்பிடற?" என்று கம்பெனியில் பொறாமையோடு கேட்டார்கள். ரத்தம் கம்மி என்று வருடக்கணக்காக இரும்புச் சத்து மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தேன். ரத்தம் மட்டும் ஏறவே இல்லை.

எங்கள் வீட்டுக்குக் கோதுமை வந்த கதையையும் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் ராமலிங்கம் ஜங்ஷனில் ஆட்டோ ஓட்டுகிறவர். வலி வருவதற்கு நாலைந்து வருடம் முன்னாலேயே அவருக்குச் சர்க்கரை வந்தது. சோற்றைக் குறைத்துச் சப்பாத்தி சாப்பிடுங்கள் என்றார்கள். மூன்று வேளையும் மலை மாதிரி சோறு குவித்துச் சாப்பிட்ட மனிதர், சப்பாத்தித் தட்டைப் பார்த்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பாவமாக இருந்தது. சரி, நானும் சேர்ந்து சாப்பிடுகிறேன் என்று ஆரம்பித்தேன். காலையில் கோதுமை ரவை உப்புமா, ராத்திரி சப்பாத்தி. அது போதாதென்று உடம்பு சரியில்லாத நாளெல்லாம் பாலில் நனைத்த பிரெட்டும் ரஸ்க்கும். நோயாளி சாப்பாடு என்றால் நம் ஊரில் வேறென்ன தெரியும்?

இதற்கிடையில் கஸ்தூரி அண்ணி. என் வீட்டுக்காரரின் அக்கா. பெண்ணாடத்தில் கரும்பு விவசாயம். நாத்தனார் என்றதும் நீங்கள் ஒரு கணக்குப் போட்டிருப்பீர்கள், அதைக் கொஞ்சம் அழித்துவிடுங்கள். வாய் அதிகம்தான். வந்த பத்தாவது நிமிஷத்தில் என் சாம்பாருக்கு ஒரு குறையும் என் சேலைக்கு ஒரு குறையும் சொல்லிவிடுவார். ஆனால் எனக்கு உடம்பு முடியவில்லை என்று கேள்விப்பட்டால், கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவார்.

அண்ணியின் தீர்ப்பு முதல் நாளே வந்துவிட்டது. "வாயுடி. வாயு விலாவுல போயி குத்திக்கிட்டு நிக்குது." அதற்கு மருந்தும் அவரிடமே இருந்தது. வாணலியில் பெருங்காயத் தூளை லேசாகச் சூடு காட்டி, மோரில் கரைத்து, உப்புப் போட்டு ஒரு டம்ளர். குடித்ததும் ஏப்பம் வரும், கொஞ்சம் இலேசாக இருக்கும். "பாத்தியா, பாத்தியா" என்பார் அண்ணி. பெண்ணாடம் திரும்பும்போது என் வீட்டுக்காரரை நிற்க வைத்துச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார். சட்டி எது, கரண்டி எது என்று தெரியாத மனிதர் அந்த மோரை மட்டும் பக்குவமாகப் போடக் கற்றுக்கொண்டார்.

இரண்டாம் வருடம் கடலூரில் ஸ்கேன் எடுத்தோம். வயிற்றில் பசையைத் தடவி ஒரு கருவியை உருட்டிக்கொண்டே இருந்த டாக்டர், விலாவுக்கு அடியில் வந்ததும் நிறுத்தினார். பித்தப்பையில் கசடு இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு அங்கேயே ஒரு சர்ஜனிடம் போனோம். அவர் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். கல்லீரலுக்கு அடியில் கத்தரிக்காய் அளவுக்கு ஒரு பை. கல்லீரல் சுரக்கிற பித்த நீரைப் பிடித்து வைத்திருக்கும். எண்ணெய், நெய் வயிற்றுக்குள் போனதும் சுருங்கி அதை ஊற்றிவிடும். என் பை சரியாகச் சுருங்கவில்லை. தேங்கிய பித்த நீர் கீழே வண்டலாகப் படிந்திருக்கிறது. இன்னும் கல் ஆகவில்லை.

"எடுத்துடலாம். அது இல்லாமயும் மனுஷன் நல்லா இருக்கலாம்" என்றார்.

"எடுத்துட்டா வலி போயிடுமா சார்?"

அவர் நேர்மையான மனிதர். பேனாவை மூடிக்கொண்டே, "போகலாம். போகாமயும் இருக்கலாம். எழுதிக் குடுக்க முடியாதும்மா" என்றார்.

எனக்குப் பயம் பிடித்தது அங்கேதான். கத்தி வைக்கப் பயம் என்று மட்டும் இல்லை. உடம்பிலிருந்து ஒன்றை வெட்டி எடுத்த பிறகும் அந்தக் கட்டை அங்கேயே திருகிக்கொண்டிருந்தால்? போன பையைத் திரும்ப வைக்க முடியுமா? அதன் பிறகு என் வலியை யார் நம்புவார்கள்? பையையும் எடுத்தாச்சு, இன்னும் வலிக்குதுன்னா மனசுலதான் கோளாறு என்று சொல்லிவிட்டால் நான் எங்கே போவேன்? இதை என் வீட்டுக்காரரிடம் சொல்லத் தெரியாமல், பஸ்ஸில் வரும்போது அவரிடம் வேறு எதற்கோ எரிந்து விழுந்தேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் பார்த்தபோது ஏழு பாயிண்ட்தான் இருந்தது. இதோடு மயக்க மருந்து கொடுக்க மாட்டோம் என்று பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். முதலில் ரத்தம் ஏற்ற வேண்டும், ஆபரேஷனையும் அங்கேயே செய்துகொள்ளலாம் என்றார்கள். அண்ணி ஒரு வயர் கூடையில் தட்டு, டம்ளர், பாயெல்லாம் அடைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டார். வடலூர், கடலூர் வழியாக மூன்று மணி நேரம். குலுக்கலில் நான் விலாவைப் பிடித்துக்கொள்ள, அண்ணி என்னைப் பிடித்துக்கொண்டார்.

பெண்கள் வார்டில் எனக்கு ஜன்னலோரக் கட்டில். பக்கத்துக் கட்டிலில் மங்களூரிலிருந்து வந்திருந்த ஜைத்தூன் அக்கா. நம் திட்டக்குடி பக்கத்து மங்களூர்தான். வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார். அக்காவுக்குப் பித்தப்பை எடுத்து மூன்று நாள் ஆகியிருந்தது. எடுத்த கற்களை ஒரு சின்ன பாட்டிலில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதைக் குலுக்கிக் காட்டுவார்.

"பதினோரு கல்லு. பாரு, மொளகு மாதிரி. இதை வயித்துல வச்சிக்கிட்டுத்தான் நாலு வருசமா நோம்பு புடிச்சிருக்கேன். எடுத்த மறுநாளே வலி போச்சு. பயப்படாத, கண்ண மூடிக்கிட்டுப் படுத்துடு" என்றார்.

அவருடைய பாட்டிலைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. கையில் குலுக்கிக் காட்ட அவருக்குக் கல் இருந்தது. எனக்குக் கசடுதான்.

பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் பிரெட் பாக்கெட் கொண்டுவந்தார்கள். பிஸ்கட், ரஸ்க், மால்ட் மாவு டப்பா எல்லாம் வந்தது. அண்ணி அதையெல்லாம் கட்டில் பக்கத்து அலமாரியில் அடுக்கிவைத்து, வேளாவேளைக்குப் பாலில் நனைத்து ஊட்டாத குறையாகக் கொடுத்தார். வார்டு லேடி டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது அலமாரியைப் பார்த்துவிட்டு, "இங்க பேக்கரி வச்சிருக்கீங்களா?" என்று சிரித்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். குள்ளமான பெண். கேள்வி கேட்டுவிட்டுப் பதில் முடியும் வரை காத்திருப்பார். டாக்டர்களில் நான் அதுவரை பார்க்காத குணம் அது.

அவர் என் பழைய சீட்டுகளை எல்லாம் கட்டிலில் பரப்பிப் பார்த்தார். "ஆறு வருஷமா இரும்பு மாத்திரை சாப்பிடுறீங்க. சாப்பிட்டும் ஏறலைன்னா மாத்திரை எங்க போகுது?" என்றார். நான் மாத்திரையை ஜன்னல் வழியே தூக்கி எறிகிறேனா என்று கேட்பதாக நினைத்து எனக்குச் சுருக்கென்றது. "முழுங்கத்தான் செய்யறேன்" என்றேன். "அதான் கேக்கறேன். முழுங்கினது உடம்புல சேரலை. ஏன்?"

ஒரு ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். பிறகு எண்டோஸ்கோபி. தொண்டைக்கு மரத்துப்போக மருந்து அடித்து, சுண்டு விரல் பருமனில் கேமரா வைத்த குழாயை விழுங்கச் சொல்வார்கள். உமட்டும், கண்ணில் தண்ணீர் கொட்டும், மூச்சு நின்றுவிடும் போல இருக்கும். ஆனால் நிற்காது. மூக்கால் மெதுவாக மூச்சு விட்டால் தாங்கலாம். சிறுகுடலின் ஆரம்பத்திலிருந்து கடுகளவு சதை கிள்ளி எடுத்தார்கள். கிள்ளுவது வலிக்கவே இல்லை. முடிவு வர எட்டு நாள் ஆனது. அந்த எட்டு நாளும் அண்ணி பாயைக் கட்டிலுக்கு அடியில் விரித்துப் படுத்திருந்தார். அது புற்றுநோய்ப் பரிசோதனை என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் சொல்லாமல் தனியே போய் அழுதிருக்கிறார். எனக்கு ஜைத்தூன் அக்கா சொல்லித்தான் தெரியும்.

லேடி டாக்டர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். "கேன்சர் கிடையாது. மொதல்ல அதை மனசுல இருந்து எடுத்துடுங்க. கோதுமையில ஒரு பசை இருக்குது. மாவைப் பிசைஞ்சா இழுபடுதே, அதுக்கு க்ளூட்டன்னு பேரு. அது உள்ள போனா உங்க உடம்பு அதை எதிரின்னு நெனச்சிச் சண்டை போடுது. அந்தச் சண்டையில உங்க குடலே அடிபடுது. குடலோட உள்பக்கம் தேங்காய்ப்பூ துண்டு மாதிரி இழை இழையா இருக்கணும். உங்களுக்கு நைஞ்சு போன காசித் துண்டு மாதிரி வழவழன்னு இருக்குது. சத்து எப்படிச் சேரும்?"

பசை என்றதும் எனக்குப் பட்டென்று புரிந்தது. எங்கள் கம்பெனியில் மண் கலக்கும்போது ஒட்டுகிற களி ஒன்று சேர்ப்பார்கள். அது இல்லாவிட்டால் துண்டு கையோடு உதிர்ந்துவிடும். கோதுமைக்கு அந்தக் களி உள்ளேயே இருக்கிறது.

"பித்தப்பை?" என்று அண்ணி கேட்டார்.

"கொழுப்பு வந்திருக்குதுன்னு குடல்தான் பித்தப்பைக்குச் சேதி சொல்லணும். குடலே படுத்துக்கிச்சு, யாரு சொல்றது? அதனால அது சும்மா தூங்குதோன்னு எனக்கு ஒரு சந்தேகம். சந்தேகந்தான், நிச்சயமாச் சொல்ல மாட்டேன்."

அந்த ஆஸ்பத்திரி சர்ஜனுக்கு இதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. வடக்கே கோதுமை தின்கிறவர்களுக்கு வருகிற வியாதி, விருத்தாசலத்துக்காரிக்கு எப்படி வரும் என்றார். லேடி டாக்டர் பிடித்த பிடியை விடவில்லை. கடைசியில் மூன்று மாதம் என்று முடிவானது. மூன்று மாதம் கோதுமை, ரவை, மைதா, சேமியா, பார்லி எதுவும் கூடாது. வலி நின்றால் பித்தப்பை எனக்கு. நிற்காவிட்டால் சர்ஜனுக்கு.

ஊருக்கு வந்ததும் அண்ணி என் சமையலறையைப் பிடித்துக்கொண்டார். கோதுமை மாவு, ரவை, சேமியா எல்லாம் அண்டை வீடுகளுக்குப் போயின. சப்பாத்திக் கட்டை பரண் மேல் ஏறியது. சப்பாத்தி போட்ட தோசைக்கல் ஆகாது என்று புதுக்கல் வாங்கினார். சல்லடையைக்கூட மாற்றினார். என் வீட்டுக்காரருக்குக் கேழ்வரகுக் களி. "எனக்குச் சக்கர, அவளுக்குக் கோதுமை. இந்த வூட்டுல இனிமே காத்ததான் குடிக்கணும்" என்று அவர் முணுமுணுக்க, "குடி, காத்துக்குக் காசு கெடையாது" என்றார் அண்ணி. பெண்ணாடத்தில் கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்த நேரம். வீட்டையும் ஆட்களையும் அண்ணனிடம், அதாவது தன் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு எனக்காக வந்து உட்கார்ந்திருந்தார்.

வெளியேதான் தொல்லை. கம்பெனியில் டீ நேரத்துக்கு வரும் சமோசாவை வேண்டாம் என்றால், "பெரிய எடத்து வியாதி" என்று சிரித்தார்கள். கல்யாண வீட்டில் கேசரியை ஒதுக்கினால் சாபம் விட்டது மாதிரி பார்த்தார்கள். "ஒரு வாய் தின்னா செத்தா போயிடுவ?" என்று கேட்ட ஒருத்தியிடம் நான் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது.

ஒரு மாதத்தில் உப்புசம் கொஞ்சம் குறைந்தது. ரத்தம் ஒரு பாயிண்ட் ஏறியது. வலி மட்டும் போகவில்லை. வாரத்தில் நாலு நாள் சொல்லிவைத்தாற்போல் வந்தது. வந்தபோதெல்லாம் அண்ணி ஓடிப்போய் மோரைக் கரைத்துக்கொண்டு வருவார். நான் குடித்துவிட்டு அவர் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொள்வேன். விலாவை நீவிக்கொண்டே இருப்பார். என்னைப் பெற்றவள்கூட அப்படி நீவியதில்லை.

மூன்றாம் மாதம் முடிய பத்து நாள் இருந்தபோது சர்ஜன் தேதி கொடுத்துவிட்டார். அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் ஆட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"எடுத்துடலாம் தேவகி. எத்தனை நாளுக்குத்தான் தள்ளிப்போடறது? அந்தம்மா சொன்னதையும் செஞ்சி பாத்தாச்சி இல்ல."

"எடுத்தும் வலிச்சா?"

"வலிக்காது."

"உங்களுக்கெப்படித் தெரியும்? உங்க வயித்துலயா இருக்குது? நான் நடிக்கறேன்னு நெனைக்கறீங்களா?"

அவர் எழுந்து வாசல் பக்கம் திரும்பி நின்றார். அப்படித் திரும்பிக்கொண்டதில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகுதான் பார்த்தேன், அவர் கண் கலங்கியிருந்தது. நடிப்பு என்று அவர் நினைக்கவில்லை. நான் படுகிற பாட்டை அவரால் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். அவருக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் உடனே புரிந்துகொள்ளத் தெரியவில்லை.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்னால் பாண்டிச்சேரிக்குப் போனோம். லேடி டாக்டர் முன்பு செய்த ரத்தப் பரிசோதனையையே மறுபடி செய்யச் சொல்லி, முடிவைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். கோதுமைக்கு எதிராக உடம்பு சண்டை போடுகிற அளவு குறைந்திருக்க வேண்டும். குறையவே இல்லை.

"எங்கயோ சாப்பிடுறீங்க" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எனக்கு முன்னால் அண்ணி எழுந்துவிட்டார். "டாக்டரம்மா, மூணு மாசமா நான் அவகூடவே இருக்கேன். ஒரு பிஸ்கட்டுத் தூளு அவ வாயில போவல. எந்தக் கோயில்ல வேணும்னாலும் சூடம் அடிச்சி சத்தியம் பண்றேன்."

டாக்டர் நாற்காலியை அண்ணி பக்கம் திருப்பினார். "சத்தியம் வேணாம்மா. அவங்க வாயில போற ஒண்ணொண்ணையும் எனக்குக் கொண்டுவந்து காட்டுங்க. பல்பொடி வரைக்கும்."

அண்ணி அப்போதே பஸ் ஏறி ஊருக்குப் போய், மறுநாள் காலையில் இரண்டு வயர் கூடையோடு வந்து நின்றார். அரிசி, பருப்பு, புளி, அரைத்த மிளகாய்த் தூள், ஊறுகாய், எண்ணெய், பல்பொடி. மேஜை மேல் மளிகைக்கடையே இறங்கியது. டாக்டர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து ஓரம் வைத்தார். மிளகாய்த் தூளுக்கு எந்த மில்லில் அரைத்தது, அங்கே கோதுமை அரைக்கிற மிஷின் வேறா என்று கேட்டார். வேறுதான். கடைசியாக ஒரு சின்ன மஞ்சள் டப்பா. பின்பக்கத்து எழுத்து எறும்பு மாதிரி இருந்ததால் டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் படித்தார். இன்னொரு முறை படித்தார்.

"இது என்ன?"

"பெருங்காயம்."

"இதுல மொதல்லயே மைதா மாவுன்னு போட்டிருக்குது. அப்புறந்தான் பெருங்காயம். இதை எதுக்குப் போடுவீங்க?"

"சாம்பாரு, ரசம்" என்றேன் நான்.

"அவ்வளவுதானா?"

அண்ணிதான் சொன்னார். "வலி வந்தா மோருல கரைச்சிக் குடுப்பேன்."

"எவ்வளவு?"

அண்ணி விரலை மடக்கி அரை ஸ்பூன் என்று காட்டினார். பிறகு கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டார். "கட்டிப் பெருங்காயம்னா பரவால்லீங்களா?" என்று ஒரு கேள்வி கேட்டார். கட்டியிலும் பெரும்பாலும் மாவுதான் கலக்கிறார்கள், தூய பெருங்காயத்தை அப்படியே யாரும் விற்பதில்லை என்றார் டாக்டர்.

"அப்ப நாந்தான் குடுத்திருக்கேன்."

"உங்க தப்பு இல்லம்மா. நான் எழுதிக் குடுத்த லிஸ்ட்டுலயே இது இல்ல. எனக்குத் தோணல. அது என் தப்பு."

ஒரு டாக்டர் என் தப்பு என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். அவரே சர்ஜனிடம் போய்ப் பேசி இன்னும் இரண்டு மாதம் வாங்கிவந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அண்ணிக்கு இரண்டும் வரவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாக இருந்தும் முன்னால் தனியாகப் போய் உட்கார்ந்தார். விருத்தாசலத்தில் இறங்கியதும் வீட்டுக்கு வராமல் நேராகப் பெண்ணாடம் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

பெருங்காயத்தை நிறுத்தி ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ, கம்பெனியில் சாப்பிட்டுவிட்டு வேலையில் உட்கார்ந்தேன். பக்கத்துப் பலகைக்காரி ஏதோ கதை சொல்ல, கேட்டுச் சிரித்துக்கொண்டே துடைத்துக்கொண்டிருந்தேன். டீ வந்தது. அப்போதுதான் உறைத்தது, மத்தியானம் வலிக்கவில்லை. முந்தின நாளும் வலித்ததாக ஞாபகம் இல்லை. வலி வந்த நாளைத் துல்லியமாகச் சொல்வேன். அது போன நாளை என்னால் சொல்ல முடியாது. கண்ணாமூச்சி காட்டிவிட்டுப் போய்விட்டது. இரண்டு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் பை சுருங்கியது, கசடு குறைந்திருந்தது. "வச்சிக்குங்க, உங்க பை" என்றார் சர்ஜன். எல்லா விலா வலியும் இதனால் வருவதில்லை, என் வலிக்கும் முழுக் காரணம் இதுதான் என்று கோர்ட்டில் சொல்ல முடியாது என்றார் லேடி டாக்டர். எனக்குக் கோர்ட் வேண்டாம். ரத்தம் பதினொன்று.

இதையெல்லாம் அண்ணியிடம் போனில் சொல்லலாம் என்றால் அவர் எடுக்கவே மாட்டார். அண்ணன்தான் எடுப்பார். "கரும்புக் கொல்லைக்குப் போயிருக்கா, வந்ததும் சொல்றேம்மா" என்பார். பொங்கலுக்கு வரவில்லை. சுதாவின் ஸ்கூல் விழாவுக்குக் கூப்பிட்டும் வரவில்லை. "என் கையால அவளுக்கு வெஷம் வச்சிட்டேன்டா" என்று தம்பியிடம் மட்டும் ஒரு முறை சொல்லியிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. வலி போன உடம்பை வைத்துக்கொண்டு யாரிடம் போய்ச் சந்தோஷப்படுவது?

ஏழு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் நானே கிளம்பினேன். வழியெல்லாம் மில்லுக்குப் போகிற கரும்பு டிராக்டர்கள். பஸ் ஊர்ந்து ஊர்ந்து பெண்ணாடம் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. அண்ணி வாசலில் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். "எளச்ச ஒடம்பு தேறிடுச்சி" என்றார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எதிரே உட்கார்ந்து முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். சாப்பிடுகிறாயா என்று மட்டும் கேட்கவில்லை. அவர் வீட்டுக்கு நான் போய், அந்தக் கேள்வி வராமல் இருந்தது அன்றுதான்.

"பசிக்குது அண்ணி. சோறு போட மாட்டீங்களா?"

"என் கையால வேணாம்டி. எதுல என்னா கெடக்குதோ. பழம் வாங்கியாரச் சொல்றேன்."

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் குரல் கொடுத்தார். "அட, நீ தைரியமாச் சாப்புடும்மா. இந்த வூட்டுல ரசத்துக்கு வாசனை போயி ஏழு மாசம் ஆவுது. பெருங்காயம்னு ஒரு பொட்டலம் வாங்கியாந்துட்டேன், அதைக் கொண்டுபோயி வாய்க்கால்ல கொட்டிட்டு வரா. கோதுமைய வூட்டுக்குள்ளயே சேக்கறதில்ல."

எனக்குப் புரியவில்லை. "நான் இருக்கறது விருத்தாசலத்துல. இங்க எதுக்கு அண்ணி நிறுத்துனீங்க?" என்றேன்.

அண்ணி முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"நீ என்னிக்குப் பசியோட வந்து நிப்பன்னு எனக்கென்னாடி தெரியும்?"

நான் எழுந்து போய்த் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தேன். அவர் தன் கையாலேயே சோறு போட்டார். அழுதுகொண்டே சாப்பிட்டேன். வாசனை இல்லாத அந்த ரசத்தை மூன்று முறை கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டேன்.